விரலில் ஒட்டிய கறுப்பு

தான் செய்த தீங்குக்காக மனிதன் வருந்துவது நமக்கு எளிதில் விளங்குகிறது. தான் ஒன்றுமே செய்யாதிருக்க, தன் பொறுப்பில் இருந்த ஒரு பொருள் ஓசையின்றி மக்கிப்போய், அதனால் திரும்பப் பெற இயலாத ஓர் இழப்பு நேர்ந்தால், அதற்கு அவன் குற்றவாளியா? குருமடத்தில் அறநெறியியல் படித்த நாள்களில் இது எனக்கு வெறும் தேர்வுக் கேள்வி. மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பின்னாளில் அதே கேள்வி ஒரு பழைய புகைப்படக் கருவியின் உருவில் என் மேசைமீது வந்து அமர்ந்தபோது, அந்த மூன்று பக்கங்களும் போதவில்லை.

காமிரா என்ற சொல்லுக்கு இலத்தீனில் அறை என்பதே பொருள். வானியலறிஞர் கெப்ளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ‘இருண்ட அறை’ என்று பொருள்படும் தொடரை வழங்கினார். அத்தொடரின் முதற்பாதி மட்டும் நிலைத்து, இன்று கருவியின் பெயராகிவிட்டது. இருளை மறந்து அறையை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆனால் பிலிம் சுருள் போட்டுப் படமெடுக்கும் கருவிக்கு உயிர்நிலை அந்த இருள்தான். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாயினும், பின்கதவின் இடுக்கில் நூலளவு வெளிச்சம் புகுந்தால் படம் பாழ். பிலிமுக்கு நல்ல வெளிச்சம், கெட்ட வெளிச்சம் என்ற வேறுபாடு தெரியாது. முகத்தை எழுதுவதும் முகத்தை அழிப்பதும் ஒரே கதிரவன் ஒளியே. ஒன்று அழைக்கப்பட்ட வாசல் வழியாக, அழைக்கப்பட்ட நொடியில் வருகிறது. மற்றது இடுக்கு வழியாக எந்நேரமும் வந்துகொண்டிருக்கிறது.

அந்த இடுக்கை அடைப்பது ஒரு சிறிய கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டை. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட 35 மில்லிமீட்டர் கருவிகளில் பெரும்பாலானவற்றின் பின்கதவைத் திறந்து பார்த்தால், பிலிம் ஓடும் பாதைக்கு மேலும் கீழும் இரண்டு மெல்லிய காடிகள் தெரியும். கதவின் விளிம்பு அக்காடிகளில் சென்று பொருந்தும். காடியின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். கதவின் கீல் அருகே சற்று அகலமான இன்னொரு துண்டு. உள்ளே, படமெடுக்கும்போது துள்ளி எழும் கண்ணாடி மோதும் இடத்தில் மற்றொரு துண்டு. அது மோதலின் அதிர்வைத் தாங்குவதோடு, கண்வைத்துப் பார்க்கும் துளை வழியாக வரும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. அவ்வளவே. எல்லாம் சேர்த்து உள்ளங்கையில் கிள்ளி வைக்கும் அளவுதான்.

பழைய கைவினைஞர்கள் இதற்கு வேறு வழி கண்டிருந்தனர். 1925இல் விற்பனைக்கு வந்த ஜெர்மானிய லைக்காவுக்குப் பின்கதவே கிடையாது. அடித்தட்டைக் கழற்றித்தான் சுருளைச் செருக வேண்டும். உலோகத்தோடு உலோகம் ஆழமாகப் பொருந்துவதால் ஸ்பாஞ்சுக்கு அங்கே வேலையில்லை. பிலிம் சுருளை அடக்கிய சிறு டப்பாவின் வாயிலும் வெல்வெட்டுத் துணிதான் காவல். ஸ்பாஞ்சோ மலிவானது, ஒட்ட எளியது. சட்டென்று திறந்து மூடும் கதவுக்கு ஏற்றது. ஓட்டோ பாயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1937இல் கண்ட பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளின் வகை அது. அதற்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது நெகிழ்வை இழந்து, தொட்டால் கீல் எண்ணெய் போல ஒட்டும் பசையாகவோ, உதிரும் தூளாகவோ மாறிவிடுகிறது. கருவியைப் பயன்படுத்தினாலும் மக்கும், பயன்படுத்தாமல் பூட்டி வைத்தாலும் மக்கும். நமது கடலோர ஊர்களின் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அண்ணன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தவர். 1988இல் விடுமுறைக்கு வந்தபோது ஜப்பானியக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஸ்பாஞ்சு அக்காலத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவானது. நான் குருவான பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டார். 2003 அக்டோபரில் அதில் 36 படங்களுக்கான ஒரு கலர் சுருளைப் போட்டேன். பங்கு வளாகத்தில் வெட்டிய கிணற்றைக் கணக்குக்காகப் படமெடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதினான்கு படங்கள். அடுத்த வாரம் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து ஆறு படங்கள் எடுத்தேன். மீதிச் சுருள் முடியட்டும் என்று, கருவியை என் அறையின் ஜன்னலோர மேசையில் வைத்தேன். அங்கே மாலை வெயில் விழும். நான்கு மாதம் அங்கேயே இருந்தது. 2004 பிப்ரவரியில் அம்மா காலமானார்.

சுருளைக் கழுவி வாங்கியபோது கிணற்றுப் படங்கள் பதினான்கும் சுத்தமாக இருந்தன. அம்மாவின் படங்களில் கடைசி நான்கின்மீது வெண்மையும் செம்மஞ்சளுமாகப் பட்டைகள் பாய்ந்து முகத்தை மூடியிருந்தன. ஐந்தாவதில் பாதி முகம். முழுமையாகத் தப்பியது முதல் படம் மட்டும். அதில் அம்மா கண்களை மூடியிருந்தார். ஏன் இப்படி என்பதற்குக் காரணம் தெளிவானது. எடுத்த பிலிம் கீலின் பக்கமுள்ள உருளையில் சுற்றிக்கொள்கிறது. முதலில் எடுத்தவை உள்சுற்றில் போய்ப் பிந்தியவற்றால் மூடப்படுகின்றன; கடைசியாக எடுத்தவை வெளிச்சுற்றில் இருந்து, கீல் இடுக்கில் புகும் வெளிச்சத்தைத் தம்மீது வாங்கிக்கொள்கின்றன. ஒரு நொடியின் 125இல் ஒரு பங்கு நேரத்தில் ஒரு முகத்தை எழுதிக்கொள்ளும் பொருளுக்கு நான்கு மாதம் என்பது எவ்வளவு பெரிய காலம்!

ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாமி, பின்கதவு ஸ்பாஞ்சு போயிருக்கும். முன்னாடியே கொண்டாந்திருந்தா பத்து நிமிஷ வேலை.”

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், எனக்கு அறியாமை என்ற அடைக்கலம் உண்டு. அறநெறியியல் அதை மறுப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை ஒன்று, அது குற்றமாகாது. முயன்றிருந்தால் வென்றிருக்கக் கூடிய அறியாமை மற்றொன்று. அறிய வேண்டியவன் அறியாதிருந்த அளவுக்கு அதில் குற்றம் உண்டு. இவ்விரண்டுக்கும் அப்பால், ஒருவன் தனக்கு வசதியாக இருக்கட்டும் என்று விரும்பியே வைத்துக்கொள்ளும் அறியாமையும் உண்டு. அது குற்றத்தைக் குறைக்காது, கூட்டும். கருவியின் உள்ளுறுப்புகள் ஒரு குருவானவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆகவே நான் முதல் வகையைச் சேர்ந்தவன் என்று பல நாள் எனக்கு நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு கைக்குட்டை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. அந்த அக்டோபரில் சுருளைப் போடக் கதவைத் திறந்தபோது என் கட்டைவிரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. மை போலவும் இல்லை, எண்ணெய் போலவும் இல்லை. கதவின் விளிம்பில் அதே கறுப்பு இழையிழையாக ஒட்டிக்கொண்டிருந்ததையும் கண்டேன். ‘இது என்ன?’ என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுந்த கேள்வியைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுக் கதவை மூடினேன். அந்தக் கறை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அந்த நொடிக்கு முன்வரை என் அறியாமை வெல்ல முடியாதது. அந்த நொடிக்குப் பிறகு, ஸ்டூடியோ வாசலில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வென்றிருக்கக் கூடியது. நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டதை உற்றுப் பார்த்தால், அது மூன்றாம் வகையையும் தொட்டு நிற்கிறது. கேட்டால் கருவியை நாலு நாள் கொடுத்து வைக்க வேண்டியிருக்கும். கிணற்றுக் கணக்கு நிற்கும். ஆகவே தெரியாமலிருப்பதே வசதி.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்படி ஒவ்வொரு கறைக்கும் மனச்சான்றைக் கூண்டில் ஏற்றினால் மனிதன் வாழ முடியுமா? நியாயமான மறுப்பு. வீட்டிலுள்ள ஒவ்வொரு திருகாணியையும் சோதித்துக்கொண்டிருப்பவன் அறவாளன் அல்லன், நோயாளி. குருமடத்தில் எங்கள் ஆசிரியர்கள் மிகை அச்சம் கொண்ட மனச்சான்றைப் பற்றிக் கடுமையாகவே எச்சரித்தார்கள். பூட்டிய கருவியின் காடிக்குள் என்ன நடக்கிறது என்று தேடித் திரியும் கடமை எனக்கு இல்லை. நான் சொல்வது அதுவன்று. தேடாமலே ஓர் அறிகுறி கைக்கு வந்து ஒட்டியது. கேள்வி தானாகவே எழுந்தது. அதை நான் எழுப்பவில்லை. அடக்கியது மட்டுமே நான். கடமையின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால், அந்த இடத்தில்தான் போடுவேன்.

செய்தவர்மீது பழிபோடலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். உடல் முழுதும் உலோகமாக, அரை நூற்றாண்டு உழைக்கும்படி செய்துவிட்டு, பதினைந்து ஆண்டில் அழியும் பொருளை அதற்குக் காவல் வைப்பது முறையா? ஒலிம்பஸ் ஓ.எம். 1 போன்ற சில கருவிகளில் பட்டகக் கண்ணாடிக்கு அருகே வைத்த ஸ்பாஞ்சு மக்கி, அக்கண்ணாடியின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடுவதைப் பழுதுபார்ப்பவர்கள் அறிவார்கள். காவலே களவு செய்தது போல! ஆயினும் இதில் வஞ்சகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சைக்கிளின் பிரேக் கட்டை தேய்கிறது, மாற்றுகிறோம். ஸ்பாஞ்சும் அவ்வாறு மாற்றப்பட வேண்டிய பொருளே. பிரேக் தேய்ந்தால் சைக்கிள் கத்தும். இது கத்தாது என்பதே வேறுபாடு.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்த பகுதியை இதுவரை தள்ளிப்போட்டேன். அடக்கத்துக்கு வந்திருந்த அண்ணன், நான்கு ஆண்டாக அம்மாவைப் பார்க்காதவர், அந்தப் படங்களுக்காகக் காத்திருந்தார். கெட்டுப்போன பிரிண்டுகளைக் கையில் வாங்கியவர், “கழுவுனவன் கெடுத்துட்டான்” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பொய் சொல்லவில்லை என்று அப்போது ஆறுதல் கொண்டேன். என் மௌனத்தின் நிழலில் ஓர் அப்பாவியான தொழிலாளி குற்றவாளியாக நின்றார். அண்ணன் 2019இல் இறந்தார். அந்த ஸ்டூடியோவும் பிலிம் வழக்கொழிந்தபோது மூடப்பட்டுவிட்டது. கருவியை நான் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இருபது ஆண்டு அந்த வருத்தம் ஒரு வேலையும் செய்யவில்லை. நான் வருந்திக்கொண்டிருக்க, மிச்ச ஸ்பாஞ்சும் மக்கிக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு அண்ணன் மகள் வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். இளைஞரிடையே பிலிம் மறுபடி வழக்குக்கு வந்திருக்கிறது. பென்டாக்ஸ் நிறுவனம் 2024இல் புதிதாகவே ஒரு பிலிம் காமிராவை வெளியிட்டது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அப்பாவோட காமிரா உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க, சித்தப்பா. எனக்குக் குடுப்பீங்களா?” என்றாள்.

கொடுப்பதில் தடையில்லை. அப்படியே கொடுக்க முடியாது, அதுதான் சிக்கல். பழுதைச் சொல்லாமல் கொடுத்தால் முதல் குற்றத்தை மறுபடி செய்தவனாவேன். பழுதைச் சொன்னால் பழைய கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தங்கச் சொன்னேன். வேலையைச் சேர்ந்தே செய்தோம்.

பழைய ஸ்பாஞ்சை எடுப்பதுதான் பெரிய வேலை. கத்தி கூடாது, வண்ணப்பூச்சு கீறும். பல்குத்தும் குச்சியைச் சீவித் தட்டையாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துச் சிறிது சிறிதாகச் சுரண்டினோம். ஷட்டர் திரையின்மேல் தூள் விழாதபடி அதன்முன் ஒரு காகிதத்தை மடித்து வைத்தோம். உள்ளிருக்கும் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால் அதைத் துடைக்கவும் கூடாது, தொடவும் கூடாது. மேல்காடி ஒன்றுக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் விரல்களும் என் விரல்களும் ஒரே கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொல்லத் தொடங்கினேன். கைக்குட்டை, ஜன்னல் வெயில், ஸ்டூடியோக்காரர் சொன்னது, அவள் தந்தை சொன்னது, நான் சொல்லாதது.

அவள் குச்சியைக் கீழே வைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்பா அந்தக் கடைக்கு அப்புறம் போகவே இல்லை, சித்தப்பா. எங்க வீட்டு விசேஷம் எதுக்கும் அவங்களைக் கூப்பிடலை” என்றாள். குற்றஞ்சாட்டும் குரல் அன்று, நடந்ததைச் சொன்னாள். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கடைக்காரரின் மகன் பக்கத்து ஊரில் வேறு தொழில் செய்கிறார் என்று பின்னர் விசாரித்து அறிந்தேன். சென்று பார்த்தேன். தந்தை இல்லை, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவ்வளவு தூரம் இதுக்கா வந்தீங்க சாமி?” என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். இழந்த வாடிக்கையை அதனால் திருப்பிக் கொடுத்தேன் என்று நான் கருதவில்லை.

புதிய பட்டைகளுக்கு, ஒருபக்கம் பசை தடவி வரும் 2 மில்லிமீட்டர் கறுப்பு ஃபோம் தாளை அவள் வரவழைத்தாள். ஸ்கேலும் பிளேடும் வைத்து வெட்டினோம். பசைப்பக்கத்தை நாக்கு நுனியால் சற்று ஈரமாக்கினால் உடனே ஒட்டாது. காடிக்குள் வைத்து நேராக்க அவகாசம் கிடைக்கும். இந்த உபாயத்தைக் கேட்டு முகம் சுளித்தவள், முதல் பட்டை கோணலாக ஒட்டியதும் தானும் நாக்கை நீட்டினாள். கீல் பக்கத்துப் பட்டை தடிமனாகிவிட்டதால் கதவு மூட மறுத்தது. அழுத்தி மூடிப் பழக்கலாம் என்றேன் நான். வேண்டாம், கொண்டி தேய்ந்துவிடும் என்று அதைப் பிடுங்கிவிட்டு மெல்லியதாக மறுபடி வெட்டினாள். கண்ணாடி மோதும் இடத்துப் பட்டையும் அளவு மீறினால் கண்ணாடி முழுதாக எழாது. அதை இரண்டு முறை ஒட்டினோம்.

பிறகு ஒரு சுருளைப் போட்டு, இரண்டு படம் எடுத்து, கருவியைச் சுற்றுச்சுவரின்மேல் வெயிலில் பக்கத்துக்கு அரைமணி நேரமாகத் திருப்பித் திருப்பி வைத்தோம். மீதியை அவள் விருப்பம்போல் எடுத்தாள். சென்னைக்கு அனுப்பிக் கழுவி வந்த படங்களில் ஒரு பட்டையும் இல்லை. சுவரில் இருந்த ஓணான் மட்டும் இரண்டு படங்களில் அழகாக விழுந்திருந்தது.

கிளம்பும்போது கண்மூடிய அம்மாவின் படத்தையும் பட்டை பாய்ந்த மற்ற ஐந்தையும் ஓர் உறையிலிட்டுக் கொடுத்தேன். கருவிப் பெட்டியின் உட்புறத்தில், ஸ்பாஞ்சு மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அதன் தடிமனையும் எழுதிய சீட்டை ஒட்டினோம். வெட்டியது போக அரைத்தாள் ஃபோம் மிஞ்சியிருந்தது. அடுத்த முறைக்கு ஆகும் என்று அதையும் பெட்டிக்குள் வைத்தாள். வைத்த பிறகுதான், அதுவும் இதே இனத்துப் பொருள், பெட்டிக்குள் கிடந்தபடியே அதுவும் மூப்படையும் என்பது எனக்கு நினைவு வந்தது. திரும்ப எடுத்து, தாளின் முதுகில் தேதியை எழுதிக் கொடுத்தேன்.